வளர்மதியின் பங்கு

கம்ப்யூட்டரில் சர்வர் இல்லை என்று சொல்லிவிட்டு கவுன்டரில் இருக்கும் பெண் கண்ணாடியைக் கழற்றி முந்தானையில் துடைக்கிறாள். எப்பங்க வரும் என்று முதலில் நிற்கும் பெரியவர் கேட்கிறார். வந்தா வரும்ங்க என்கிறாள், கோபமில்லாமல், மழை எப்போது வரும் என்று கேட்டதற்குச் சொல்வதுபோல. எனக்கு முன்னால் ஐந்து பேர். கைப்பையை வயிற்றோடு அணைத்துக்கொள்கிறேன். உள்ளே பன்னிரண்டாயிரத்து நானூறு ரூபாய் இருக்கிறது, இந்த போஸ்ட் ஆபீசில் நிற்கிற எல்லோருக்கும் அது தெரிந்துவிட்டதுபோல உடம்பு கூசுகிறது. கடன் இருந்தபோதும் இப்படித்தான் கூசியது, காசு இருந்தாலும் அப்படியேதானா, இது எப்போது போகும். இருபது புதன்கிழமை சேர்த்த காசு. குழுக் கடன் கட்டுகிற நாள் புதன்கிழமை. கடைசியாக இருந்த கடனுக்கு வாரம் அறுநூற்று இருபது கட்டிக்கொண்டிருந்தேன், பங்குனியில் அது முடிந்தது. மறு புதன் காலையும் கை தானாக அறுநூற்று இருபதை எண்ணி அலமாரி ஓரத்தில் வைத்துவிட்டது, வாங்கிக்கொண்டு போக ஆள் இல்லை. அதையே பார்த்துக்கொண்டு நின்றேன். இத்தனை நாள் அடுத்தவனுக்குக் கொடுக்க முடிந்த காசை இனி எனக்கே எடுத்து வைத்தால் என்ன என்று அப்போதுதான் தோன்றியது. காலி பவுடர் டப்பாவில் போட்டேன். அடுத்த புதனும் போட்டேன். என் வீட்டுக்காரர் கதிரேசனிடம் நாலு வாரம் சொல்லவில்லை, சொன்னால் செலவாகிவிடும் என்று பயம். அவர் இப்போது வேறொருவர் வண்டியை ஓட்டுகிறார், சம்பளத்தை முழுசாகக் கொண்டுவந்து கொடுத்துவிடுகிறார், கெட்ட மனிதர் இல்லை, ஆனாலும் சொல்லவில்லை. டப்பா நிறைந்தபோது சொன்னேன். போஸ்ட் ஆபீஸ்ல போட்டுடு புள்ள, வீட்ல வேண்டாம் என்றார். ஒரு மணிக்குள் கம்பெனிக்குப் போய் மெஷினில் உட்கார வேண்டும். அரை நாள் பர்மிஷன்தான், ஒரு மணி தாண்டினால் முழு நாள் சம்பளமும் போய்விடும். தலையணை உறை தைக்கிற வேலையில் நாள் சம்பளம் நானூற்று எழுபது. இப்போது பதினொன்றே கால். வரும், சர்வர் வந்துவிடும்.

முன்னால் மூன்றாவதாக நிற்கிறவளின் முழங்கையை எவ்வளவு நேரமாகப் பார்த்துக்கொண்டிருக்கிறேன் என்று தெரியவில்லை. முழங்கைக்குக் கீழே ஒரு வெந்த தழும்பு, வெற்றிலை அகலத்துக்கு, சுற்றிலும் தோல் கறுத்து நடுவில் வெளுத்திருக்கிறது. இட்லிக் கொப்பரையைத் திறக்கும்போது ஆவி அடித்த தழும்பு அது. எப்படித் தெரியும் என்றால் அந்தக் கையைப் பிடித்துத் தண்ணீர்க் குழாய்க்கு அடியில் நீட்டிக்கொண்டு நின்றவள் நான்தான். இல்லை, வேறு யாருக்காவது இப்படி இருக்கலாம். கொப்பரை இல்லாத வீடா, ஆவி அடிக்காத கையா. வளர்மதி இவ்வளவு ஒல்லியில்லை. வளர்மதிக்கு முடி இடுப்பு வரைக்கும் இருக்கும், இவளுக்குத் தோளோடு நிற்கிறது. நீலத்தில் ஒரு நூல் புடவை, கையில் ஒயர் கூடை, கூடையில் தண்ணீர் பாட்டிலும் ஒரு பாஸ்புக்கும். அவள் எதற்கு இங்கே வரப்போகிறாள், ஊரை விட்டுப் போய் நாலு வருஷம் ஆகிறது. ஆனால் நிற்கிற விதம். ஒரு காலில் பாரத்தைப் போட்டு மற்றக் காலைச் செருப்பிலிருந்து எடுத்து அந்தச் செருப்பின் மேலேயே வைத்துக்கொண்டு. மாவு விற்கும்போது வாசலில் அப்படித்தான் நிற்பாள். போய்விடலாமா, நாளைக்கு வரலாம், நாளைக்குப் பர்மிஷன் கிடைக்காது, இந்த மாசமே கிடைக்காது. அவள் திரும்பினால் என்ன சொல்வது. முதலில் பேச வேண்டியது யார், அவளா நானா. அவள் எனக்குத் தர வேண்டியது மூவாயிரத்து எழுநூற்று நாற்பது. அது சத்தியமான கணக்கு, நான் அழுத காசு. அப்படியென்றால் தலையைக் குனிய வேண்டியவள் அவள்தானே, எனக்கு ஏன் ஒளிந்துகொள்ளத் தோன்றுகிறது.

வெங்கமேட்டில் லைன் வீட்டில் என் வீட்டுக்கு இரண்டு வீடு தள்ளி அவள் வீடு. தினம் நாலு கிலோ அரிசி ஆட்டி மாவு விற்பாள். அவள் புருஷன் ரங்கராஜ் சாயப்பட்டறையில் வேலை, ஒரே மகள் இனியா. மாவு எடுத்துக்கொடுத்துவிட்டு இரண்டு கரண்டி கூடப் போடுவாள், வேண்டாம் என்றால், அதுல என்ன வந்துடப் போகுது என்பாள். குழுவுக்கு என்னைக் கூட்டிக்கொண்டு போனவள் அவள்தான். கதிரேசன் சொந்தமாக லோடு ஆட்டோ வாங்க முன்பணம் தேடிக்கொண்டிருந்த நேரம். அஞ்சு பேர் சேந்தாத்தான் குடுப்பாங்களாம், நாலு பேர் இருக்கோம், நீ வா தமயந்தி, நான் இருக்கேன்ல என்றாள். ஆளுக்கு முப்பதாயிரம், வாரம் அறுநூற்று எண்பது, ஐம்பத்திரண்டு வாரம். ஒருத்தி கட்டாவிட்டால் மற்ற நாலு பேரும் சேர்ந்து கட்ட வேண்டும் என்று எழுதியிருந்ததில் எல்லோரும் சிரித்துக்கொண்டே கையெழுத்துப் போட்டோம். நான் இருக்கேன்ல. அந்த வார்த்தையை இப்போது நினைக்கக் கூடாது. ஆட்டோவுக்குத் தவணை நின்று போய் பைனான்ஸ்காரர்கள் வந்து எடுத்துக்கொண்டு போன வாரம் என்னிடம் கட்டப் பணம் இல்லை, வீட்டுக்குள் கதவைச் சாத்திக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். வளர்மதி என் பேரைச் சொல்லி என் அறுநூற்று எண்பதையும் கட்டிவிட்டு வந்து கதவைத் தட்டினாள். கட்டிட்டேன், எந்திரிச்சு மூஞ்சிய கழுவு என்றாள். அந்த அறுநூற்று எண்பதை நான் திருப்பிக் கொடுத்தேனா? கொடுத்தேன், ரேஷன் கடை வாசலில் வைத்துக் கொடுத்தேன், அவள் கையில் மண்ணெண்ணெய் கேன் இருந்தது. ஆனால் அது எங்கள் குழுவில் இருந்த சாரதாக்காவுக்குக் கொடுத்த ஐந்நூறு. அப்படியென்றால் வளர்மதிக்கு எங்கே வைத்துக் கொடுத்தேன். அவள் வீட்டு வாசலில். மாவு வாங்கப் போனபோது. மாவு வாங்க வைத்திருந்த காசா அது? நாலு வருஷமாக இந்த இடத்தில் வந்து நின்றுவிடுகிறது. கொடுத்ததாகவும் இருக்கிறது, கொடுக்காததாகவும் இருக்கிறது. கொடுக்கவில்லை என்றால் அவள் கேட்டிருப்பாள். கேட்டிருக்க மாட்டாள்.

ரங்கராஜ் பட்டறையில் வழுக்கி விழுந்து இடுப்பு எலும்பு உடைந்தது ஓர் ஆடி மாசம். பெரியாஸ்பத்திரியில் போட்டிருந்தார்கள், வளர்மதி அங்கேயே கிடந்தாள். முதல் வாரம் அவள் தவணையை நாங்கள் நாலு பேரும் பிரித்துக் கட்டினோம். இரண்டாவது வாரம் யாரிடமும் இல்லை. வசூலுக்கு வருகிற சார் சின்ன வயசுக்காரர், சத்தம் போட மாட்டார், அதுதான் பயமாக இருக்கும். பையை மடியில் வைத்துக்கொண்டு பிளாஸ்டிக் சேரில் உட்கார்ந்து, அஞ்சு பேரு காசும் வர்ற வரைக்கும் நான் எந்திரிக்க மாட்டேன்ங்க, ஒருத்தர் கட்டலைன்னா நாலு பேருக்கும் அடுத்த லோன் கெடையாது என்றார். காலை பத்து மணி. அடுத்த லோனை வைத்துத்தான் நான் இன்னொரு குழுவின் பாக்கியை அடைக்க வேண்டும், அதை வைத்து மூன்றாவது குழுவை. அடுத்த லோன் இல்லையென்றால் எல்லாம் நின்றுவிடும், எங்கள் வீட்டு வாசலிலும் நாலு பேர் வந்து உட்காருவார்கள். அப்போது சாரதாக்காதான் சொன்னாள், அவ கிரைண்டர் இருக்குல்ல என்று. சாரதாக்காதான். கூட்டத்தில் அவள்தான் மூத்தவள், அவள்தான் இப்படியெல்லாம் பேசுவாள். இல்லை. இங்கே நின்றுகொண்டு, இந்த முழங்கையைப் பார்த்துக்கொண்டு, அதைச் சொல்ல முடியவில்லை. சாரதாக்கா வாயைத் திறக்கவேயில்லை, வெற்றிலையை மென்றுகொண்டு தரையைப் பார்த்துக்கொண்டிருந்தாள். நான்தான் சொன்னேன். அவ கிரைண்டர் இருக்குல்ல. என் குரல் எனக்கே வேறு யாருடையதோ மாதிரிக் கேட்டது, அதனால் வேறு யாருக்கோ கொடுத்துவிட்டேன்.

உள்ளே கிரைண்டர் ஓடிக்கொண்டிருந்தது. வளர்மதி இல்லை, இனியா மட்டும் இருந்தாள், பதினோரு வயசு, பள்ளிக்கூடப் பாவாடையைத் தூக்கிச் சொருகிக்கொண்டு ஓரத்தில் ஒட்டும் மாவைக் கையால் தள்ளித் தள்ளி விட்டுக்கொண்டிருந்தாள். அம்மா ஆஸ்பத்திரியில் இருந்தாலும் வாடிக்கை போய்விடக் கூடாது என்று அவளே ஊறவைத்து அவளே ஆட்டிக்கொண்டிருக்கிறாள். என்னங்கத்தை என்றாள். மற்ற மூன்று பேரும் என்னைப் பார்த்தார்கள். கிரைண்டரை எடுத்துட்டுப் போறோம் கண்ணு, அம்மாகிட்ட சொல்லிக்கலாம் என்றேன். அவள் அழுவாள் என்று நினைத்தேன், கத்துவாள், ஊரைக் கூட்டுவாள், நான் ஒரு நிமிஷம் அதை ஆசையாகக்கூட எதிர்பார்த்தேன், கத்தினால் திரும்பிப் போய்விடலாம். அவள் குழவியை எட்டிப் பார்த்துவிட்டு, இன்னும் பத்து நிமிசம் ஆடணும்ங்கத்தை, ஆடி முடிச்சதும் எடுத்துக்கிறீங்களா என்றாள். நாங்கள் நாலு பேரும் அந்தப் பத்து நிமிஷம் நின்றோம். கிரைண்டர் கரகரவென்று சுற்றிக்கொண்டிருந்தது. வாசலில் சார் மணி பார்த்தார். மாவு பதமானதும் அவளே சுவிட்சை அணைத்தாள், தூக்குவாளியை எடுத்து வைத்தாள், சின்னக் கை, அவ்வளவு மாவையும் வழிக்க முடியவில்லை, நான் குனிந்து வழித்துக் கொடுத்தேன். மாவு விரல் இடுக்கில் குளிர்ச்சியாக இருந்தது. கழுவித் தரேன்ங்கத்தை, மாவு காஞ்சா போகாது என்று கல்லைத் தூக்க முயன்றாள், கல்லையும் நான்தான் தூக்கிக் கொடுத்தேன். கழுவி, துணியால் துடைத்து, ஒயரைச் சுற்றி மேலே வைத்துக் கொடுத்தாள். பழைய சாமான் கடையில் ஆயிரத்து அறுநூறு கொடுத்தார்கள். நாங்கள் பிரித்துக் கட்டிய வாரத்தையும் சேர்த்து அவள் பாக்கி இரண்டு வாரத்துக்கு ஆயிரத்து முந்நூற்று அறுபது. மீதி இருநூற்று நாற்பதை வளர்மதியிடம் கொடுத்துவிடுகிறேன் என்று நான் வாங்கி வைத்துக்கொண்டேன். அவள் ஆஸ்பத்திரியிலிருந்து வந்தாள், என் வீட்டு வாசலைத் தாண்டித்தான் போனாள், நின்று கேட்கவில்லை, நானும் வெளியே வரவில்லை. வெள்ளிக்கிழமை சிலிண்டர் வந்தது, அந்த இருநூற்று நாற்பது அதில் போய்விட்டது. மாவு ஆட்டுகிறவளிடம் கிரைண்டரை எடுத்துவிட்டு அடுத்த வாரம் தவணை கட்டு என்றால் எதைக் கொண்டு கட்டுவாள் என்று அன்றைக்கு எங்களில் ஒருத்திக்கும் தோன்றவில்லை. தோன்றியது, எனக்குத் தோன்றியது.

மூன்றாவது வாரம் அந்த வீடு பூட்டிக் கிடந்தது. பாத்திரங்களையும் துணிமணியையும் மட்டும் எடுத்துக்கொண்டு விடிவதற்குள் போய்விட்டார்கள். இருபத்திரண்டு வாரத் தவணை பாக்கி, பதினாலாயிரத்துத் தொள்ளாயிரத்து அறுபது, நாலு பேருக்கும் பிரித்தார்கள், என் தலையில் மூவாயிரத்து எழுநூற்று நாற்பது. ஓடிட்டா பாரு, நம்மள மாட்டி விட்டுட்டு ஓடிட்டா என்று குழாயடியில் சத்தமாகச் சொன்னேன், எல்லோரும் ஆமாம் என்றார்கள். கோபம் எவ்வளவு வசதியாக இருந்தது. கோபம் இருந்தவரைக்கும் வேறு எதையும் நினைக்க வேண்டியதில்லை. அந்தக் கோபத்தில்தான் இனி ஒரு லோனும் வாங்குவதில்லை என்று முடிவு செய்தேன், காலண்டர் தாளின் பின்பக்கம் எல்லாக் கடனையும் எழுதினேன், கூட்டினால் ஒரு லட்சத்து முப்பத்தெட்டாயிரம், கதிரேசன் அதைப் பார்த்துவிட்டு எழுந்து வெளியே போய் நின்றார். ஆகச் சின்னதிலிருந்து ஆரம்பித்தேன். ஷேர் ஆட்டோவை விட்டு கம்பெனிக்கு நடந்தேன், போக வர ஐந்து கிலோமீட்டர். கேபிளை நிறுத்தினேன். டீ நேரத்தில் எல்லோரும் கேண்டீனுக்குப் போகும்போது மெஷினுக்கு எண்ணெய் விடுகிற மாதிரி குனிந்துகொண்டேன். தட்டுவண்டியில் விலை குறைந்த பிறகு காய் வாங்கினேன். ஓவர்டைம் யார் வேண்டாம் என்றாலும் என்னைக் கூப்பிடுங்க என்று சூப்பர்வைசரிடம் சொல்லி வைத்தேன். நாலு தீபாவளி போனஸும் உறை பிரிக்காமல் கடனுக்குப் போனது. மகள் நித்யா பிளஸ் டூ முடித்து நாமக்கல்லில் நர்சிங் சேர்ந்தபோது அவளுக்கு ஒரு நல்ல பை வாங்கித் தரவில்லை, என் பழைய பையின் ஜிப்பைத் தைத்துக் கொடுத்தேன், பரவால்லம்மா என்றாள், அந்தப் பரவால்லம்மா இன்னும் காதில் இருக்கிறது. ஒரு கடன் முடிந்ததும் அதற்குக் கட்டிய காசை அடுத்த கடனோடு சேர்த்தேன். இப்படியே ஒவ்வொன்றாக. கடைசித் தவணை கட்டி முடித்த அன்று ஒரு தாள் கொடுத்தார்கள், பாக்கி எதுவும் இல்லை என்று. அன்றைக்கு ஏதாவது நடக்கும் என்று நினைத்திருந்தேன், நெஞ்சிலிருந்து ஏதாவது இறங்கும் என்று. தாளைத் தலையணைக்கு அடியில் வைத்துவிட்டுச் சாம்பாருக்குப் புளி கரைத்தேன். அவ்வளவுதான் நடந்தது.

முன்னால் நிற்கிறவள் திரும்புகிறாள். கடிகாரத்தைப் பார்க்கத்தான் திரும்பினாள், கடிகாரம் என் தலைக்கு மேலே இருக்கிறது. வளர்மதிதான். கன்னம் ஒட்டிப்போய், நெற்றிப் பக்கம் நரைத்து, ஆனால் வளர்மதிதான். கடிகாரத்திலிருந்து கண் இறங்கி என்மேல் நின்றது. எனக்கு முன்னால் நின்ற அம்மாவிடம், அக்கா இடத்தைப் பாத்துக்குங்க என்று சொல்லிவிட்டு நேராக வருகிறாள். அடிக்கப் போகிறாள் என்றுதான் நினைத்தேன். அடித்தால் தேவலை. "நல்லா இருக்கியா தமயந்தி" என்கிறாள். குரல் மாறவில்லை. "இருக்கேன். நீ எங்க இருக்க வளர்?" "முசிறியில. ஒரு காலேஜ் ஹாஸ்டல்ல சமையல் வேலை. இனியா பேர்ல இங்க ஒரு கணக்கு இருந்துச்சு, அதை அங்க மாத்திக்கலாம்னு வந்தேன்." "அண்ணன்?" "தடி ஊணி நடக்குறாரு. ஹாஸ்டல்லயே வாட்ச்மேன் வேலை போட்டுக் குடுத்தாங்க." "இனியா?" "பத்தாவது." அவள் கூடைக்குள் கையை விட்டு மடித்த காகிதம் ஒன்றை எடுத்தாள், காகிதத்துக்குள் பணம். "இது முடிஞ்சதும் உன் வீட்டுக்குத்தான் வர்றதா இருந்தேன். நேத்தே சாரதாக்கா வீட்டுக்கு வந்து மத்த மூணு பேருக்கும் குடுத்துட்டேன். மூவாயிரத்து எழுநூத்தி நாப்பது, எண்ணிக்க." என் கை பையை விடவில்லை. "வேண்டாம் வளர். நான் கேக்கலியே." "நீ கேக்கலைன்னா? நீ கட்டுன காசு." "எனக்கு வேண்டாம், இனியாவுக்கு வெச்சுக்க, அவ படிப்புக்கு." சொல்லும்போதே அது எவ்வளவு மலிவாக இருக்கிறது என்று தெரிந்தது. அவள் முகம் மாறவில்லை. "வாங்கிக்க தமயந்தி. நீ வாங்கலைன்னா நான் மறுபடியும் வரணும். இந்த ஊருக்கு வர எனக்குப் புடிக்கல."

வாங்கிக்கொண்டேன். காகிதம் அவள் கை ஈரத்தில் நைந்திருந்தது. இரண்டு பேரும் சுவரோரம் நிற்கிறோம், மின்விசிறி தலைக்கு மேல் கிறீச்சிடுகிறது, கவுன்டர் பெண் யாரிடமோ போனில் சர்வர் இல்லைன்னா நான் என்னங்க பண்றது என்கிறாள். இப்போது சொல்ல வேண்டும், நான்தான் சொன்னேன் என்று, கிரைண்டர் என்ற வார்த்தை என் வாயிலிருந்துதான் வந்தது என்று, இருநூற்று நாற்பது ரூபாய் என்னிடம்தான் இருந்தது என்று, அறுநூற்று எண்பதைக் கொடுத்தேனா என்று எனக்கே தெரியவில்லை என்று. வெளியே வந்தது இவ்வளவுதான், "வளர், அன்னைக்கு..." அவள் கையை லேசாகத் தூக்கினாள், போதும் என்பதுபோல. "இனியா எல்லாத்தையும் சொன்னா. மத்தவங்கெல்லாம் சும்மா நின்னாங்களாம், தமயந்தி அத்தைதான் குனிஞ்சு மாவை வழிச்சுக் குடுத்தாங்களாம், கல்லைத் தூக்கிக் குடுத்தாங்களாம். நீ அவளுக்கு உதவி பண்ணினதா நெனச்சிக்கிட்டு இருக்கா. இன்னி வரைக்கும் அப்படித்தான் சொல்றா." நான் காகிதத்தை இன்னும் சின்னதாக மடித்தேன். "நான் ஒண்ணும் சொல்லல அவகிட்ட" என்றாள் வளர்மதி. "அவ அப்படியே நெனச்சிக்கட்டும். மத்த மூணு பேரு வந்ததுகூட எனக்கு ஒண்ணும் பெருசா தெரியல. நீ வராம இருந்திருக்கலாம்." அதைச் சண்டைக்காகச் சொல்லவில்லை, யோசித்துப் பார்த்துச் சொன்னாள், பல நாள் யோசித்து இதுதான் சரியான வார்த்தை என்று எடுத்து வைத்திருந்ததுபோல. "சர்வர் வந்துடுச்சு, வரிசைல நில்லுங்க" என்று கவுன்டர் பெண் குரல் கொடுத்தாள். வளர்மதி தன் இடத்துக்குப் போய்விட்டாள், என் இடத்துக்கு நான் வந்துவிட்டேன், நடுவில் அதே இரண்டு பேர், அதே முழங்கை.

அவள் வேலை சீக்கிரம் முடிந்தது. இரண்டு கையெழுத்து, ஒரு முத்திரை. பாஸ்புக்கைக் கூடையில் போட்டுக்கொண்டு என்னைத் தாண்டிப் போகும்போது வரேன் என்று தலையை அசைத்தாள், வழியில் பார்த்த தெரிந்தவர்களிடம் அசைப்பதுபோல. போகாதே என்று கூப்பிட வேண்டும். கூப்பிட்டு? கூப்பிட்டு என்ன கொடுப்பது. என்னிடம் இருப்பதெல்லாம் காசு, காசை அவள் வாங்க மாட்டாள், அதைத் தவிர வேறு எதையும் சேர்க்க நான் இந்த நாலு வருஷத்தில் கற்றுக்கொள்ளவில்லை. வரிசை நகர்கிறது, பின்னால் நிற்கிறவர் முதுகில் இடிக்கிறார், நகருங்கம்மா. என் முறை வந்தது. பையைத் திறந்து இருந்ததையெல்லாம் கண்ணாடிக்கு அடியில் தள்ளினேன். அந்தப் பெண் எண்ணினாள், மறுபடி எண்ணினாள், மூக்குக் கண்ணாடிக்கு மேலாக என்னைப் பார்த்தாள். "சலான்ல பன்னெண்டாயிரத்து நானூறுன்னு எழுதியிருக்கீங்க, இதுல பதினாறாயிரத்து நூத்தி நாப்பது இருக்கு. எதுங்க சரி?" வளர்மதி கொடுத்த பணமும் சேர்ந்து போயிருக்கிறது. அதைத் தனியாக எடுத்து வைத்திருந்தேன் என்றுதான் நினைத்தேன், எப்போது சேர்த்தேன். எடுத்துக்கொள்ளலாம். எடுத்துக்கொண்டு ஓடினால் பஸ் ஸ்டாப்பில் அவளைப் பிடித்துவிடலாம், கூடையில் போட்டுவிட்டு வந்துவிடலாம், அவள் திட்டினாலும் திட்டட்டும். மணி பன்னிரண்டு முப்பத்தைந்து. ஒரு மணிக்குள் மெஷினில் உட்கார வேண்டும். "சொல்லுங்கம்மா, பின்னாடி ஆள் நிக்கிறாங்க." கை பேனாவை எடுத்தது. பன்னிரண்டாயிரத்து நானூறை அடித்துவிட்டு மேலே பதினாறாயிரத்து நூற்று நாற்பது என்று எழுதி, பக்கத்தில் கையெழுத்துப் போட்டேன். நடுங்காத கையெழுத்து.

வெளியே வெயில். பாஸ்புக் புதுசு, அட்டை விறைப்பாக இருக்கிறது, உள்ளே ஒரே ஒரு வரி. ரோட்டுக்கு எதிர்ப்பக்கம் பஸ் ஸ்டாப்பில் அவள் நிற்கிறாள், ஒரு செருப்பிலிருந்து காலை எடுத்து. ரோட்டைத் தாண்டப் பத்து எட்டுதான். பை அதிர்கிறது, கதிரேசன் போன். "போட்டாச்சா புள்ள?" "போட்டாச்சுங்க." "எவ்வளவு காட்டுது?" "பதினாறாயிரத்து நூத்தி நாப்பது." "கூட வருதே?" "வளர்மதி வந்தா. அவ பங்கைக் குடுத்துட்டா." அவர் சிரிக்கிறார், நாலு வருஷத்தில் இப்படிச் சிரித்து நான் கேட்டதில்லை, வண்டியை ஓரமாக நிறுத்திவிட்டுப் பேசுகிறார் போலிருக்கிறது. "வராதுன்னுல்ல விட்டுட்டோம். பாத்தியா, வந்துடுச்சு. பாவம், நல்ல மனுசி. சாப்பிட்டுப் போகச் சொல்லக் கூடாதா?" முசிறி பஸ் வந்து நிற்கிறது, அவள் இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் பார்க்காமல் ஏறுகிறாள், கண்டக்டர் கூடையை வாங்கி உள்ளே வைக்கிறார். "புள்ள, சாயங்காலம் வரும்போது உனக்கு ஏதாச்சும் வாங்கிட்டு வர்றேன். இத்தனை வருசம் உனக்குன்னு ஒண்ணும் வாங்கல. என்ன வேணும் சொல்லு." எனக்கு என்ன வேண்டும். பஸ் கிளம்புகிறது, ஜன்னல் ஓரம் நீலப் புடவை, முகம் அந்தப் பக்கம். "சொல்லு, புடவையா? சாப்பிட ஏதாச்சுமா?" கடைகளின் பெயர்களையெல்லாம் மனசு வரிசையாகத் தடவிப் பார்க்கிறது, ஒன்றிலும் நிற்கவில்லை. பஸ் மார்க்கெட் பக்கம் திரும்பிவிட்டது. கம்பெனிக்கு இருபது நிமிஷ நடை, இப்போதே நடந்தால்தான் சரியாக இருக்கும், கால் நடக்கத் தொடங்கிவிட்டது. "ஏன் பேச மாட்டேங்குற, இருக்கியா? என்ன வேணும்னு கேக்குறேன்ல" என்கிறார், சந்தோஷமாக, பதில் வருகிற வரைக்கும் விடமாட்டார் போல, "சொல்லு தமயந்தி, என்ன வேணும்?"